மாறிய உறுப்புகள், மாறாத பெயர்

நுழையும்முன்

பழமையைப் பாதுகாப்பது என்றதும் கல்வெட்டும் செப்பேடும் ஓவியமும் நம் நினைவுக்கு வருகின்றன. நூறாண்டை எட்டியுள்ள மோட்டார் கார்களும் இன்று அவ்வரிசையில் சேர்ந்துள்ளன. சிதைந்த காரை மீண்டும் ஓடச்செய்யும்போது எவ்வளவு மாற்றலாம், எவ்வளவு விட்டுவைக்கலாம் என்னும் வினா எழுகிறது. அவ்வினாவிற்கு நீதிமன்றமும் பட்டறையும் அருங்காட்சியகமும் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன.

வழக்கிற்கு வந்த கார்

1990ஆம் ஆண்டு இலண்டன் உயர்நீதிமன்றத்தில் விந்தையானதொரு வழக்கு விசாரணைக்கு வந்தது. தம்மிடமிருந்த பழைய பந்தயக் கார் ஒன்றை ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒருவர் ஒப்பந்தம் செய்திருந்தார். வாங்குவதற்கு இசைந்த நிறுவனம் பின்னர்ப் பணம் தர மறுத்தது. தான் விலைபேசிய கார் இதுவன்று என்பது அந்நிறுவனத்தின் வாதம். காரில் பழுது இருப்பதாக எவரும் கூறவில்லை. அதன் பெயரே ஐயத்திற்கு உள்ளாயிற்று.

அக்காரின் பெயர் 'ஓல்டு நம்பர் ஒன்'. பென்ட்லி நிறுவனத்தின் 'ஸ்பீடு சிக்ஸ்' வகையைச் சேர்ந்தது. ஆறு சிலிண்டர்களும் ஆறரை லிட்டர் கொள்ளளவும் கொண்ட எஞ்சினுடன் உருவாக்கப்பட்டது. பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடைபெறும் 24 மணிநேரக் கார்ப் பந்தயம், வேகத்தைக் காட்டிலும் தாங்கும் திறனையே மிகுதியாகச் சோதிப்பது. 1929ஆம் ஆண்டு அப்பந்தயத்தில் உல்ஃப் பர்னாட்டோவும் டிம் பர்கினும் இக்காரை ஓட்டி வென்றனர். மறு ஆண்டும் பர்னாட்டோ, கிளென் கிட்ஸ்டன் என்பவருடன் இணைந்து அதே காரில் வென்றார். ஒரு பகலும் ஓர் இரவும் ஓயாது ஓடும் பந்தயத்தை ஒரே கார் அடுத்தடுத்த ஈராண்டுகளில் வென்றது பெருஞ்சாதனையாயிற்று. அதன் பெயருக்கு மதிப்பு வந்தது இவ்வாறுதான்.

பந்தயக் காரின் வாழ்வு வீட்டுக் காரின் வாழ்வைப் போன்றதன்று. ஒவ்வொரு பந்தயத்திற்குப் பின்னும் தேய்ந்தவை நீக்கப்படும். அடுத்த பந்தயத்திற்கு ஏற்ப வலிமையானவை சேர்க்கப்படும். ஓல்டு நம்பர் ஒன்னும் அவ்வாறே மாறிக்கொண்டிருந்தது. 1931இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் ஓடுதளத்தில் நடந்த 500 மைல் பந்தயத்தை வென்றபோது அதன் மேற்கூடு லெ மானில் இருந்ததைப் போன்றதன்று. 1932இல் எட்டு லிட்டர் எஞ்சின் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் அதே 500 மைல் பந்தயத்தில், தமையன் ஜாக்கிடமிருந்து காரைப் பெற்றுக்கொண்டு ஓட்டத் தொடங்கிய கிளைவ் டன்ஃபீ, சரிந்து உயர்ந்த ஓடுதளத்தின் மேல்விளிம்பைக் கடந்து வீழ்ந்து உயிரிழந்தார். நொறுங்கிய கார் கைவிடப்படவில்லை. பர்னாட்டோவின் விருப்பப்படி அது மூடிய கூடு கொண்ட சாலைக் காராக மறுபிறவி எடுத்தது. பின்னரும் சிலமுறை அதன் உறுப்புகள் மாறின. இறுதியில், லெ மான் நாள்களை நினைவூட்டும் திறந்த வடிவத்தில் அது மீண்டும் அமைக்கப்பட்டது.

வாங்கியவர் தயங்கியதில் வியப்பில்லை. நீதியரசர் ஓட்டன் வல்லுநர்களின் சான்றுகளைக் கேட்டுக் காரின் உறுப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். காலத்தை உறுதிசெய்ய இயலாத சிறு பொருத்துகளைத் தவிர 1929ஆம் ஆண்டுக் காரிலிருந்து எதுவும் எஞ்சவில்லை. 1930ஆம் ஆண்டுக் காரிலிருந்து மிதிகளைத் தாங்கும் தண்டு, கியர்பெட்டியின் வெளிக்கூடு, ஸ்டியரிங் தண்டு ஆகிய மூன்று மட்டுமே இருந்தன. அடிச்சட்டம் 1932ஆம் ஆண்டு வடிவத்திற்கு உரியது.

மூன்று உறுப்புகளுக்கா ஒரு கோடி பவுண்டு? வழக்கின் உயிர்நாடி இங்கேதான் இருந்தது.

மூன்று சொற்கள்

நீதியரசர் 'ஒரிஜினல்', 'ஜெனியூன்', 'ஆதென்டிக்' என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொண்டார். அன்றாடப் பேச்சில் இம்மூன்றையும் நாம் 'அசல்' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அவரோ மூன்றையும் பிரித்துப் பார்த்தார். உருவானபோதிருந்த உறுப்புகளோடு இன்றும் நிற்கும் காரே முதற்சொல்லுக்கு உரியது. பந்தயங்களில் ஓடிய காலத்து உறுப்புகளைப் பெரும்பாலும் தக்கவைத்திருக்கும் கார் இரண்டாம் சொல்லுக்கு உரியது. இவ்விரு சொற்களும் ஓல்டு நம்பர் ஒன்னுக்குப் பொருந்தா என அவர் முடிவுசெய்தார்.

மூன்றாம் சொல் பொருந்தும் என்றார். 1929 முதல் 1990 வரை இக்கார் எக்கட்டத்திலும் மறைந்துபோகவில்லை. ஒரு நாளில் ஒட்டுமொத்தமாக மாற்றப்படவும் இல்லை. அது பகுதி பகுதியாக மாறிற்று. மாறிய ஒவ்வொரு முறையும் அதே காராகவே கருதப்பட்டது. அப்பெயருக்கு உரிமை கொண்டாடும் வேறு காரும் உலகில் இல்லை. ஆகவே தொடர்ந்துவரும் வரலாற்றின் வலிமையால் இதுவே ஓல்டு நம்பர் ஒன் எனத் தீர்ப்பாயிற்று. விற்றவர் வழக்கில் வென்றார்.

இத்தீர்ப்பை நுட்பமாக நோக்க வேண்டும். காரின் பெயரைத் தீர்ப்பு உறுதிசெய்தது; அதன் உறுப்புகள் பழையவை என்று எவ்விடத்தும் கூறவில்லை. லெ மான் வெற்றியின்போது அந்த எஞ்சின் எவ்வாறு ஒலித்தது, அந்தத் தகடு எவ்வாறு வளைக்கப்பட்டது என்று அறிய விரும்பும் ஆய்வாளருக்கு இக்கார் மிகக் குறைவாகவே விடை தரும்.

தெரிந்து தெளிவோம்

கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க், தீசியஸ் என்னும் வீரனின் கப்பலைப் பற்றிக் குறிப்பிடுகிறார். ஏதென்சு மக்கள் அதனைப் பாதுகாத்து, மக்கிய பலகைகளை நீக்கிப் புதியவற்றைப் பொருத்திவந்தனர். எல்லாப் பலகைகளும் மாறியபின் அது அதே கப்பலா என்று அறிஞர்கள் வாதிட்டனர். 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அவ்வாதத்தை மேலும் சிக்கலாக்கினார். நீக்கிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து இன்னொரு கப்பலைக் கட்டினால் இரண்டில் எது தீசியஸின் கப்பல் என்று அவர் வினவினார். பழைய கார் உலகில் இது வெறும் கற்பனையன்று. ஒரு காரின் அடிச்சட்டம் ஓரிடத்திலும் எஞ்சின் வேறோரிடத்திலும் சேர, இரண்டைச் சுற்றியும் இரு கார்கள் கட்டப்பட்டு, ஒரே அடையாளத்திற்கு இருவர் உரிமை கோருவதுண்டு.

பட்டறையில் எழும் வினாக்கள்

விற்பனைக்குப் பின்னர் நீதிமன்றத்தில் எழுந்த வினா, பட்டறையில் முதல் திருகாணியைக் கழற்றுவதற்கு முன்பே எழுந்துவிடுகிறது. பல்லாண்டுகளாகக் கொட்டகையில் கிடந்த கார் ஒன்று பட்டறைக்கு வருகிறது எனக் கொள்வோம். வண்ணம் மங்கியுள்ளது, இருக்கையின் தோல் வெடித்துள்ளது, தகட்டில் ஆங்காங்கே துரு. நம்மூர்ப் பட்டறையில் இதற்குரிய வழி எளிது. டிங்கரிங் செய்து தகட்டைச் சீராக்குவர். பட்டி பார்த்து மேடுபள்ளத்தை நிரப்புவர். உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் புதுவண்ணம் பூசுவர். நாள்தோறும் ஓடும் காருக்கு இது தக்க வழியே. வரலாற்றுக் காரில் உப்புத்தாள் தேய்த்து நீக்குவது வண்ணத்தை மட்டுமன்று, சான்றையும்தான்.

வண்ணம் எவ்வாறு சான்றாகிறது? மோட்டார் கார்களின் தொடக்கக் காலத்தில் குதிரை வண்டிகளுக்குப் பூசியதைப் போன்றே வார்னிஷ் கலந்த வண்ணத்தைத் தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசினர். அது உலர்ந்து முடிக்கப் பல வாரங்கள் ஆயின. 1920களில் நைட்ரோசெல்லுலோஸ் வகை வண்ணம் வந்தபின் தெளிப்பான் கொண்டு விரைவாகப் பூசி உலர்த்த முடிந்தது. கார்த் தொழிற்சாலைகளின் வேகத்தையே மாற்றிய கண்டுபிடிப்பு அது. ஆகவே பழைய காரின் மறைவான மூலையில் எஞ்சிய வண்ணத்தைப் படிப்படியாகச் சுரண்டிப் பார்க்கும் வல்லுநர், ஓவியத்தை ஆராய்பவரைப் போல, அடியிலிருந்து மேலாக அதன் வாழ்வைப் படிக்கிறார். முதலில் எந்நிறம், எத்தனைமுறை மாறியது, எந்த மோதலுக்குப் பின் ஒரு பக்கம் மட்டும் பூசப்பட்டது என்பனவெல்லாம் அங்குப் பதிவாகியுள்ளன. இன்றைய பாலியூரித்தேன் வண்ணத்தைப் பூசினால் கார் கண்ணாடிபோல மின்னும். பழைய தொழிற்சாலையில் எந்நாளும் அவ்வாறு மின்னியதில்லை. உருவாக்கியவர்களே அறியாத அழகை அதற்கு ஏற்றுவதை 'மிகை மீட்டமைப்பு' எனலாம். காட்சிப் போட்டிகளில் நெடுங்காலம் இத்தகைய கார்களே பரிசு பெற்றன. மீட்டமைக்கப்படாத கார்களுக்கென அமெரிக்காவின் பெபிள் பீச் போன்ற போட்டிகளில் தனிப்பிரிவு தோன்றியது பின்னரே.

வண்ணத்தைப் போன்றே பிற உறுப்புகளும் பேசுகின்றன. கைவினைஞர் கட்டிய பழைய கார்க் கூடுகளில் தகட்டின் உள்ளே மரச்சட்டம் இருக்கும். அதில் தச்சர் பொறித்த கூட்டின் எண்ணைக் காணலாம். அடிச்சட்டத்திலும் எஞ்சினிலும் அச்சிலும் பொறித்த எண்களே ஒரு காரின் உறுப்புகள் ஒன்றோடொன்று பிறந்தவையா என்பதைக் காட்டுவன. மரம் உளுத்துவிட்டது என்று முழுச்சட்டத்தையும் எறிந்துவிட்டால், அந்த எண்ணும் அதனோடு போய்விடும். உளுத்த பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் புதுமரத்தை இணைப்பது கூடுதல் உழைப்பு, கூலியும் கூடுதல். சான்றைக் காக்கும் வழியும் அதுவே.

ஆயினும் எல்லாவற்றையும் உள்ளவாறே விட்டுவிடு என்பது ஓடும் காருக்கு இயலாத அறிவுரை. டயர் இரப்பரால் ஆனது. ஓடாமல் நின்றாலும் முதுமை அடைந்து வெடிக்கும். துணி சுற்றிய பழைய மின்கம்பிகளின் உறை உதிர்ந்தால் தீப்பற்றும். பிரேக் பட்டைகளில் முற்காலத்தில் பயன்பட்ட கல்நார் நுரையீரலுக்குக் கேடு தருவது. இவற்றை மாற்றத்தான் வேண்டும். பழமையைக் காப்பதற்காக ஓட்டுநரின் உயிரையோ சாலையில் நடப்பவரின் உயிரையோ பணயம் வைக்கலாகாது. கிளைவ் டன்ஃபீயின் முடிவை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இங்கு உதவுவது மீளத்தக்க மாற்றம் என்னும் கருத்து. இருக்கைப்பட்டை பொருத்த அடிச்சட்டத்தில் புதுத்துளை இடுவது மீளாத மாற்றம். ஏற்கெனவே உள்ள துளையில் தாங்கியைத் திருகிப் பொருத்துவது மீளத்தக்கது, நாளை கழற்றிவிடலாம். பழைய ஆறு வோல்ட் மின்னமைப்புக்கு மாறாகப் பன்னிரண்டு வோல்ட் அமைப்பைச் சேர்ப்பவர், கழற்றிய டைனமோவையும் விளக்குகளையும் பெயரெழுதிப் பெட்டியில் வைத்தால் அடுத்த தலைமுறை அவற்றை மீண்டும் பொருத்த முடியும். மீட்டமைப்போர் பலர் இப்பெட்டியை மறந்துவிடுகின்றனர். காரில் இருப்பதைக் காட்டிலும் பெட்டியில் இருப்பது சிலவேளை மதிப்பு மிக்கது.

ஏரியில் கிடந்த புகாட்டி

ஒன்றையும் மாற்றாமல் விடுவதே சரியான முடிவாகும் நேர்வும் உண்டு. சுவிட்சர்லாந்தையும் இத்தாலியையும் தொட்டுக் கிடக்கும் மஜ்ஜோரே ஏரியில், 1925ஆம் ஆண்டைச் சேர்ந்த 'பிரெசியா' வகைப் புகாட்டிக் கார் ஒன்று பல்லாண்டுகள் மூழ்கிக் கிடந்தது. சுங்கவரி செலுத்தப்படாமையால் 1930களில் அதிகாரிகள் அதனை ஏரியில் இறக்கிவிட்டதாகக் கூறப்படுகிறது. 1967இல் நீர்மூழ்குநர் ஒருவர் ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்தில் அதனைக் கண்டார். அதன்பின்னும் நெடுங்காலம் அது அங்கேயே கிடந்தது. 2009ஆம் ஆண்டு ஜூலையில் உள்ளூர் நீர்மூழ்குநர் சங்கத்தார் அதனை மேலே கொண்டுவந்தனர். வன்முறைக்குப் பலியான தம் இளம் உறுப்பினர் ஒருவரின் நினைவாக அமைந்த அறக்கட்டளைக்கு நிதி திரட்டுவது அவர்கள் நோக்கம்.

2010 ஜனவரியில் பாரீசில் நடந்த ஏலத்தில் அது 2,60,500 யூரோவுக்கு விலைபோயிற்று. வாங்கியவர் அமெரிக்கச் சேகரிப்பாளர் பீட்டர் மல்லின். புகாட்டிக் கார்களை மீட்டமைக்கும் பொருளும் ஆற்றலும் அவருக்குக் குறைவில்லை. எனினும் அவர் அதனைத் தொடவில்லை. அரித்துத் துளைவிழுந்த தகடுகளோடு, ஏரி தந்த நிறத்தோடு, கலிஃபோர்னியாவில் இருந்த தம் அருங்காட்சியகத்தில் அவ்வாறே காட்சிக்கு வைத்தார். பளபளக்கும் பிற புகாட்டிகளைக் காட்டிலும் அதன்முன்தான் பார்வையாளர் நெடுநேரம் நின்றிருப்பர் என்று நம்ப இடமுண்டு. மீட்டமைத்திருந்தால் பெரும்பாலும் புதிய உறுப்புகளால் ஆன ஒரு பிரெசியா கிடைத்திருக்கும். அத்தகைய கார்கள் வேறு சிலவும் உள்ளன. ஏரியின் அடியில் எழுபதாண்டுக்கு மேல் கிடந்த பிரெசியா இஃதொன்றே.

டுரின் சாசனம்

உலகெங்குமுள்ள பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான 'ஃபீவா' 1966இல் தோன்றியது. அது 2012ஆம் ஆண்டு, இத்தாலியின் டுரின் நகரின் பெயரால் வழங்கும் சாசனம் ஒன்றை ஏற்றது. கட்டடங்களைப் பாதுகாப்பது குறித்து 1964இல் உருவான வெனிஸ் சாசனம் அதற்கு முன்னோடி. தொழிற்சாலையைவிட்டு வெளிவந்த நாளின் தோற்றத்திற்குக் காரைத் திருப்பியே தீரவேண்டும் என டுரின் சாசனம் வற்புறுத்தவில்லை. இயல்பான பயன்பாட்டுக் காலத்தில் நேர்ந்த மாற்றங்களும் அக்காரின் வரலாற்றுக்குச் சாட்சிகள் என்கிறது. செய்த பணிகளை எழுதிவைக்க வேண்டும் என்றும், புதிதாகச் சேர்த்த உறுப்புகளில் அழியாத அடையாளம் இட வேண்டும் என்றும் கூறுகிறது.

தமிழ் மாணவர்க்கு இந்நெறி புதியதன்று. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஓலை சிதைந்து சொல் மறைந்த இடங்கள் பல இருந்தன. பொருந்தும் சொல்லைத் தாமே புனைந்து நிரப்பும் புலமை அவருக்கு இருந்தது. அவர் நிரப்பவில்லை, விடுபட்ட இடத்தை விடுபட்ட இடமாகவே காட்டினார். புதுத்தகட்டில் ஆண்டைப் பொறித்துவைக்கும் மீட்டமைப்பாளரும் செய்வது இதனையே. பழையது எது, தம்முடையது எது என்பதை அவர் மறைப்பதில்லை.

இந்தியச் சட்டமும் ஓர் அம்பாசிடரும்

இந்தியாவிலும் இவ்வினா சட்டத்தின் எல்லைக்குள் வந்துள்ளது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதற்பதிவு செய்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்களைப் 'பழம்பெரும் வாகனம்' எனத் தனியாகப் பதிவுசெய்யலாம். அவற்றின் எண்பலகையில் 'விஏ' என்னும் எழுத்துகள் இடம்பெறும். காட்சிக்கும் ஆய்வுக்கும் பேரணிக்கும் அவற்றை ஓட்டலாம். வாடகைக்கோ அன்றாடப் பயணத்திற்கோ ஓட்டலாகாது. இப்பதிவுக்கு முதன்மையான நிபந்தனை ஒன்றுண்டு. வாகனம் தன் மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். அடிச்சட்டத்திலோ மேற்கூட்டிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் நேர்ந்திருத்தல் கூடாது.

டுரின் சாசனத்தையும் இவ்விதியையும் அருகருகே வைத்தால் வேறுபாடு விளங்கும். பயன்பாட்டில் நேர்ந்த மாற்றத்தைச் சாசனம் சாட்சியாகக் கொள்கிறது. விதியோ அதனைத் தடையாகக் கொள்கிறது. ஓல்டு நம்பர் ஒன் இந்தியாவில் இருந்திருந்தால் இப்பதிவைப் பெற்றிருக்க இயலாது. விதியைக் குறைகூற வேண்டியதில்லை. புதிய எஞ்சினையும் கூட்டையும் வைத்துக்கொண்டு பழமையின் பெயரால் சலுகை பெறுவோரைத் தடுக்க அத்தகைய வரம்பு தேவையே. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளை நடத்தும் கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் கார்கள் ஓடாமல் நிற்பதால் இச்சிக்கல் பெரிதாக எழுவதில்லை. வீட்டு வாசலில் நிற்கும் காருக்குத்தான் அது எழுகிறது.

மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி உருவாகி, 2014 வரை உற்பத்தியான அம்பாசிடரை எடுத்துக்கொள்வோம். வாடகைக் காராக ஓடிய அம்பாசிடர்களில் பெட்ரோல் எஞ்சினை நீக்கி டீசல் எஞ்சின் பொருத்துவது ஒரு காலத்தில் பெருவழக்காக இருந்தது. எரிபொருள் செலவு குறைந்ததால் பல குடும்பங்கள் அதனைக் கொண்டு பிழைத்தன. 1960களில் பதிவான அத்தகைய கார் ஒன்றைத் தந்தையிடமிருந்து பெற்ற ஒருவர் இன்று அதனை மீட்டமைக்க முனைகிறார் எனின், அவர்முன் இரு வழிகள் உள்ளன. அக்காலத்துப் பெட்ரோல் எஞ்சின் ஒன்றைத் தேடிப் பொருத்தினால் கார் தன் முதல் தோற்றத்தை நெருங்கும். ஆனால் அந்த எஞ்சின் வேறொரு காரில் பிறந்தது. டீசல் எஞ்சினை விட்டுவைத்தால் பழம்பெரும் வாகனப் பதிவு கிடைப்பது அரிது. ஆனால் அந்தக் குடும்பத்திற்குச் சோறு போட்ட கார் அந்த எஞ்சின்தான்.

அவர் முதல்வழியைத் தேர்ந்தாலும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கழற்றிய டீசல் எஞ்சினைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாமல், எண்ணெய் தடவி, எண்ணும் நாளும் எழுதிய அட்டையைக் கட்டி, கொட்டகையின் மூலையில் வைக்கலாம். எஞ்சின் மாற்றத்தைக் குறித்த பழைய பதிவுப் புத்தகத்தையும் அதனோடு சேர்த்து வைக்கலாம்.